ஜார்ஜ் டவுன் தெருக்கலையும் தெருப்பெயர் வரலாறும்

கல்வெட்டும் செப்பேடும் பெரும்பாலும் அரசரையும் அவர் அளித்த கொடையையும் பேசுவன. தெருப்பெயரோ அத்தெருவில் வாழ்ந்த மக்களையும் அவர்தம் தொழிலையும் பேசுவது. ஆதலின் இடப்பெயராய்வை மொழியியலின் ஒரு கிளையாகவும் மக்கள் வரலாற்றின் வாயிலாகவும் கொள்கிறோம். பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில் இவ்வாய்வுக்குப் புதுமையான துணையொன்று கிடைத்துள்ளது. தெருச்சுவர்களில் பொருத்தப்பட்டுள்ள எஃகுக் கம்பிக் கேலிச்சித்திரங்களே அத்துணை. பழம்பெயர்களுக்கு அவை சிரிக்கச் சிரிக்க உரை சொல்கின்றன. அவ்வுரை எச்சூழலில் எழுந்தது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பவற்றை இப்பொழிவில் ஆராய்வோம்.

கலை வந்த சூழல்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால்வைத்த பின் வளர்ந்த துறைமுக நகரம் ஜார்ஜ் டவுன். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அச்சேனியரும் ஆர்மீனியரும் யூரேசியரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியமர்ந்தனர். அந்நகர் 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

அப்பெருமைக்குச் சில ஆண்டுகள் முன்னரே வேறொரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. பழைய கடைவீடுகளின் வாடகையை உயராமல் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்களும் சிறு கைவினைஞரும் வெளியேறினர். கட்டடங்கள் காக்கப்பட்டன, அவற்றின் கதைகளைச் சொல்லத்தக்கவர் பலர் அங்கில்லை. தெருக்கலை இவ்வெற்றிடத்தில்தான் வந்து நின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

பாரம்பரியத் தகுதி கிடைத்ததையடுத்து, நகரின் வரலாற்றைத் தெருவிலேயே அடையாளப்படுத்தும் போட்டியொன்றைப் பினாங்கு மாநில அரசு நடத்தியது. அதில் தெரிவு பெற்ற 'ஸ்கல்ப்சர் அட் வொர்க்' என்னும் மலேசிய நிறுவனம், கேலிச்சித்திரக் கலைஞர்களைக் கொண்டு எஃகுக் கம்பியாலான 52 சித்திரங்களைப் படைத்தது. 2012ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சகாரெவிச் சுவரோவியங்கள் தீட்டினார். ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டியில் செல்லும் இரு சிறுவரை அறியாதார் இலர்.

எள்ளலும் இளமையும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைக்கிறார். அது தோன்றும் களன்களுள் எள்ளலையும் இளமையையும் சுட்டுகிறார். ஜார்ஜ் டவுனின் இருவகைக் கலையையும் இவ்விரு சொற்களால் பிரித்தறியலாம்.

சுவரோவியத்தின் நகை இளமையின்பாற் பட்டது. சிறுவர் உருவங்கள் வண்ணத்தால் ஆனவை. அவர் ஏறியுள்ள மிதிவண்டியோ உண்மையானது. கேனன் தெருவில் எட்டிப் பிடிக்க முயலும் சிறுவனின் காலடியில் உண்மை நாற்காலி உண்டு. காண்போர் தாமும் அவ்வண்டியில் தொற்றிக்கொள்கின்றனர். இங்கே விளக்கச் சொற்கள் இல்லை. பார்ப்பவரின் உடலே ஓவியத்தை நிறைவு செய்கிறது. தொடுதலாலும் வெயில் மழையாலும் அவ்வோவியங்கள் தேய்ந்து வருகின்றன.

கம்பிச் சித்திரத்தின் நகை எள்ளலின்பாற் பட்டது. அது சொல்லோடு கூடியது; பெயருக்குக் காரணம் கூறுவது. கேனன் தெருவின் சித்திரம், 1867ஆம் ஆண்டின் பினாங்குக் கலவரத்தில் பீரங்கிக் குண்டு துளைத்த கதையைச் சொல்கிறது. லவ் லேனின் சித்திரத்தில் கணவனொருவன் சன்னல் வழியே தப்பி இறங்குகிறான். செல்வர் தம் காதற்கிழத்தியரை இச்சந்தில் குடிவைத்திருந்தனர் என்பது அதன் பெயர்க்காரணம்.

ஒரு தெரு, பல பெயர்

உரையாசிரியர் ஒருவர் ஒரு பாடத்தை ஏற்கும்போது மற்றைப் பாடங்கள் பின்தள்ளப்படுகின்றன. கம்பிச் சித்திரத்திலும் அதுவே நிகழ்கிறது. லவ் லேனை ஹொக்கியன் பேசும் சீனர் 'செராணிச் சந்து' என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். செராணி என்னும் மலாய்ச் சொல் யூரேசியக் கிறித்தவரைக் குறிப்பது. நஸ்ரானி என்னும் அரபுச் சொல்லின் திரிபு. ஆகவே ஆங்கிலப் பெயர் ஒரு வதந்தியையும், ஹொக்கியன் பெயர் ஒரு சமூகத்தின் குடியிருப்பையும் காத்துவைத்துள்ளன. சிரிப்புக்கு உதவியது முன்னது. எஃகில் நிலைத்ததும் அதுவே.

சூலியா தெருவின் பெயரடுக்கு இன்னும் வளமானது. நகரின் தொடக்கக் காலத்தில் அது மலபார் தெரு எனப்பட்டது. அக்கால ஐரோப்பியர் தமிழரை மலபாரியர் என்றும் தமிழை மலபார் மொழி என்றும் வழங்கினமையை நினைவுகூர்ந்தால் அப்பெயர் கேரளத்தாரை மட்டும் குறித்ததன்று என்பது தெளிவாகும். பின்வந்த 'சூலியா' என்னும் சொல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்களைக் குறித்தது. அதனைச் 'சோழ' என்பதோடு இயைப்பாரும் உளர். அதே தெருவை ஹொக்கியன் மொழியினர் 'கூ கான் தாங்' என்பர். 'கூ' என்பது மாடு. 'கான் தாங்' என்பது பட்டியைக் குறிக்கும் 'கண்டாங்' என்னும் மலாய்ச் சொல். ஒரே தெருவில் ஐரோப்பியர் இனத்தையும் சீனர் மாட்டுப்பட்டியையும் கண்டனர்.

இப்பெயர்களுள் பல எப்பலகையிலும் எழுதப்படாதவை. வாய்வழக்கில் மட்டும் வாழ்ந்தவை. பேசினோர் இடம்பெயர்ந்தால் பெயரும் உடன் செல்லும். கம்பிச் சித்திரங்களின் விளக்கங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. படம் பிடித்துச் செல்லும் விருந்தினருக்கு அவ்வொரு காரணமே தெருவின் முழு வரலாறாகிவிடுகிறது. இது கலைஞரின் குறையன்று. நகைக்குச் சுருக்கம் இன்றியமையாதது. எஞ்சிய பாடங்களைத் தேடித் தொகுப்பது மொழி கற்பிப்போரின் கடன்.

வகுப்பறைக்கு ஒரு பணி

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஒவ்வொரு சித்திரத்தின் முன்னும் மூன்று வினாக்களை எழுப்பலாம். இத்தெருவுக்குப் பிற மொழிகளில் வழங்கும் பெயர் யாது? அப்பெயரை இட்டவர் எவர்? சித்திரம் தெரிந்தெடுத்த கதை எவருடையது? விடைகளை நூலில் மட்டுமன்றி வீட்டு முதியோரிடமும் கேட்டு, அவர் ஒலித்தவாறே எழுதி வருதல் வேண்டும்.

பினாங்குத் தெருவில் நகரத்தாரின் 'கோவில் வீடு' உள்ளது. தைப்பூசத்துக்கு முன்னாள் வெள்ளித் தேர் அங்கிருந்துதான் புறப்படுகிறது. அத்தமிழ்ப் பெயரை எந்த எஃகுச் சித்திரமும் தாங்கவில்லை. ஆயினும் தேர் எங்கிருந்து கிளம்பும் என ஆண்டுதோறும் மக்கள் கேட்கின்றனர். கேட்டவர்க்கு விடை கூறும் வாய்களில் அப்பெயர் வாழ்கிறது.