ஓதிய அரபும் உழைத்த அரபும்

பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டுக்கும் அதே மாவட்டத்து வி.களத்தூருக்கும் அரபு புதிதல்ல. பிள்ளைகள் மக்தப் என்னும் ஓதல் பள்ளியில் அலிஃப், பே தொடங்கிக் குர்ஆனை ஓதி முடிப்பது தலைமுறை வழக்கம். தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழும் தமிழ் முஸ்லிம்களிடம் நெடுங்காலம் புழங்கியது. 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கைமாறும் வரை நடந்த ஆர்க்காட்டு நவாபு நிர்வாகம் வசூல், பாக்கி, ரத்து, ஜாமீன் என்ற அரபுச் சொற்களைப் பாரசீகத்தின் வழியே அரியலூரின் மானாவாரி விவசாயி வாயிலும் பழக்கிவிட்டது. இருந்தும், 1973இல் எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் கட்டுமானம் பெருகியபின் கிளம்பிய சபுராளிகளுக்கு, அதாவது பிழைப்புக்குக் கடல் கடந்தவர்களுக்கு, இவை பேச்சில் பெரிதாகக் கைகொடுக்கவில்லை என்பதே என் முடிவு. ஓதல் உச்சரிப்பைத் தந்தது. தண்ணீர் கேட்கவோ சம்பளம் கேட்கவோ அது சொல்லித்தரவில்லை. பேச்சு அரபை இந்த ஊர்க்காரர்கள் வேலைத்தளத்தில் காதால் கேட்டே கற்றார்கள்.

அந்தப் பேச்சின் அமைப்பே அதற்குச் சாட்சி. முதலில் படிந்தவை ஏவல்கள்: வா என்பதற்குத் தஆல், போ என்பதற்கு ரூஹ், கொண்டுவா என்பதற்கு ஜீப், தூக்கு என்பதற்கு ஷீல். வந்தேன், வந்தாய், வந்தான் என்று விகுதி மாற்றிப் பழகிய தமிழர் அங்கே ‘அனா ரூஹ், இன்த ரூஹ்’ என ஒரே வினையை எல்லோருக்கும் வைத்துக்கொண்டார். ‘ஃபீ’ என்றால் உண்டு, ‘மாஃபி’ என்றால் இல்லை; பாதிப் பேச்சு இதிலேயே ஓடிவிடும். இது அரைகுறை அரபு என்பார்கள். அரபு இலக்கணம் கற்றவர் அப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அரபு முதலாளியும் தொழிலாளியிடம் இப்படித்தான் பேசுகிறார். மலையாளியும் வங்காளதேசத்தவரும் பாகிஸ்தானியரும் இதைக்கொண்டே ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள். ஜே. ஆர். ஸ்மார்ட் என்ற ஆய்வாளர் 1990இலேயே இதைத் தனியாக ஆராய்ந்து எழுதினார். உழைப்பாளிகள் பள்ளிக்கூடம் இல்லாமல் உருவாக்கிக்கொண்ட பொதுமொழி என்ற மரியாதை இதற்கு உண்டு.

அதற்காக இதுவே போதும் என்று சொல்ல மாட்டேன். சவூதியின் 2005ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தம் வேறு மொழியிலும் இருந்தால் அரபு வாசகமே செல்லும். மக்தபில் ஓதியவர் அந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் பார்ப்பார், பொருள் பிடிபடாது. அரியலூர் மாவட்டச் செந்துறைப் பக்கத்துக் கொத்தனார் காதால் கற்ற அரபில் சம்பளம் கேட்பார், தான் கையெழுத்திட்டதை வாசிக்க முடியாது. புறப்படுமுன் அரபு கற்பிப்பதானால் நலம் விசாரிப்பில் தொடங்கி நாளைக் கடத்த வேண்டாம். சம்பளத்துக்கான மஆஷ், விடுப்புக்கான இஜாஸா, வசிப்பு அட்டையான இகாமா, கடவுச்சீட்டான ஜவாஸ், நீதிமன்றத்துக்கான மஹ்கமா ஆகியவற்றை எழுத்தோடு சேர்த்து முதல் பாடமாக வைக்க வேண்டும்.