எண் இறங்கிய கேமரா: மெகாபிக்சல் ஓட்டமும் சென்சார் அளவும்

2009 ஆகஸ்ட் மாதம் கேனன் நிறுவனம் பவர்ஷாட் ஜி11 என்ற கேமராவை அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஜி10-ல் 14.7 மெகாபிக்சல். புதிய ஜி11-ல் வெறும் 10 மெகாபிக்சல்! விலை மட்டும் குறையவில்லை. இரண்டுமே சுமார் 500 டாலர் கேமராக்கள்தான். ஏறவும் நிற்கவும் மட்டுமே தெரிந்த ஓர் எண், இந்த வரிசையில் முதல் தடவையாகக் கீழே இறங்கியது.

"போன வருடத்தை விடக் குறைவாகத் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு நிறுவனம் சொல்வது வியாபார உலகில் அபூர்வம். அது ஏன் நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் மெகாபிக்சலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியில் எங்குமே பெரிதாக அச்சடிக்காத இன்னொரு எண்ணைப் பார்க்க வேண்டும். அதுதான் சென்சாரின் அளவு.

மழையும் பணியாரச் சட்டியும்

ஃபிலிம் இருந்த இடத்தில் டிஜிட்டல் கேமராவில் இருப்பது சென்சார். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் சிசிடி என்ற சிலிக்கான் கருவியை உருவாக்கினார்கள். (இதற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஜி11 வந்த அதே வருடம்!) 1975-ல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன், சிசிடியை வைத்து ஒரு டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். அதில் 100க்கு 100, அதாவது மொத்தமே 10,000 பிக்சல்கள். ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது.

சென்சார் செய்யும் வேலை எளிமையானது. மழையில் ஒரு பணியாரச் சட்டியை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியும் ஒரு பிக்சல். மழைதான் ஒளி. எந்தக் குழியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று அளந்தால் படம் தயார்.

மழை ஒரே சீராகப் பெய்தாலும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் விழும் துளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. ஒளியும் அப்படித்தான், ஃபோட்டான் என்ற துளிகளாகவே வருகிறது. ஒரு குழியில் சராசரியாக 10,000 துளி விழுந்தால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. இது 1 சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. சராசரி 100 துளிதான் என்றால் ஏற்ற இறக்கம் 10. இது 10 சதவீதம்! படத்தில் சொரசொரவென்று தெரியும் புள்ளிகளுக்கு, அதாவது 'நாய்ஸ்' என்று சொல்கிறோமே அதற்கு, முக்கியக் காரணம் இதுதான். கேமரா செய்யும் தப்பு அல்ல இது. ஒளியின் குணம். இதைக் குறைக்க ஒரே வழி, அதிக ஒளியைப் பிடிப்பது.

அதே மழையில் பெரிய சட்டி வைத்தால் மொத்தத் தண்ணீர் அதிகம் சேரும். சட்டியின் அளவை மாற்றாமல் குழிகளை மட்டும் அதிகமாக்கினால்? மொத்தத் தண்ணீர் கூடாது. ஒவ்வொரு குழியிலும் சேர்வது குறையும், குழிகளுக்கு நடுவே உள்ள விளிம்புகளில் விழுவதும் வீண். மெகாபிக்சல் ஓட்டத்தின் கதை இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

அங்குலம் இல்லாத அங்குலம்

சென்சார் அளவு மக்களுக்குத் தெரியாமல் போனதற்கு அதன் பெயர் வைக்கும் முறையும் ஒரு காரணம். 1/1.8 அங்குலம், 1/2.5 அங்குலம் என்று விவரப் பட்டியலின் மூலையில் போட்டிருப்பார்கள். இந்த அங்குலம் சென்சாரின் எந்தப் பக்கத்தையும் குறிக்காது. பழைய தொலைக்காட்சி கேமராக்களில் விடிகான் என்ற கண்ணாடிக் குழாய் இருந்தது. அதன் வெளி விட்டத்தை வைத்துத்தான் அளவு சொல்வார்கள். உள்ளே படம் விழும் இடம் அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். குழாய் போய் சிலிக்கான் வந்த பிறகும் பழைய பெயர் தங்கிவிட்டது. அதனால் '1 அங்குல' சென்சாரின் மூலைவிட்டம் 25.4 மி.மீ. அல்ல, சுமார் 16 மி.மீ.தான்!

உண்மையான பரப்பளவுகள் ஏறக்குறைய இப்படி:

- 1/2.5 அங்குலம் (சாதாரண பாக்கெட் கேமரா): 25 சதுர மி.மீ.
- 1/1.7 அங்குலம் (ஜி10, ஜி11): 41 சதுர மி.மீ.
- 2/3 அங்குலம்: 58 சதுர மி.மீ.
- 1 அங்குலம்: 116 சதுர மி.மீ.
- ஏபிஎஸ்-சி (பெரும்பாலான எஸ்.எல்.ஆர். கேமராக்கள்): 330 முதல் 370 சதுர மி.மீ.
- 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் முழு அளவு: 864 சதுர மி.மீ.

முதலுக்கும் கடைசிக்கும் நடுவே சுமார் 35 மடங்கு வித்தியாசம்.

ஏறிய எண், ஏறாத பரப்பு

2000-ல் வந்த கேனன் ஜி1-ல் 1/1.8 அங்குல சென்சார், 3.3 மெகாபிக்சல், எஃப் 2.0 என்ற நல்ல வெளிச்சமான லென்ஸ். அடுத்தடுத்து ஜி2, ஜி3 இரண்டிலும் 4, ஜி5-ல் 5, 2004-ல் வந்த ஜி6-ல் 7, 2006-ல் ஜி7-ல் 10, 2007-ல் ஜி9-ல் 12, 2008-ல் ஜி10-ல் 14.7 என்று எண் ஏறியது. அத்தனை வருடங்களில் சென்சார் 1/1.8-லிருந்து 1/1.7 ஆனதோடு சரி. இதற்கு நடுவே ஜி7-ல் லென்ஸ் எஃப் 2.8 ஆகிவிட்டது. அதாவது உள்ளே வரும் ஒளி பாதி. 'ரா' கோப்பாகச் சேமிக்கும் வசதியையும் அந்த மாடலில் எடுத்துவிட்டு, ஜி9-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

பெரிய சென்சாருக்குப் போக ஒரு முயற்சி நடக்காமல் இல்லை. 2003 இறுதியிலிருந்து 2004க்குள் சோனி எஃப்828, கேனன் ப்ரோ1, நிக்கான் 8700, ஒலிம்பஸ் சி-8080, மினோல்டா ஏ2 என்று ஐந்து கேமராக்கள் 2/3 அங்குல சென்சாரில் 8 மெகாபிக்சலோடு வந்தன. விலை சுமார் 1000 டாலர். ஆனால் 2003 ஆகஸ்டில் கேனன் 300டி என்ற எஸ்.எல்.ஆர்., லென்ஸ் இல்லாமல் 899 டாலருக்கு வந்துவிட்டது. அதில் 6.3 மெகாபிக்சல்தான். ஆனால் சென்சார் பரப்பு ஆறு மடங்கு. மங்கிய வெளிச்சத்தில் 6, 8-ஐ எளிதாக ஜெயித்தது. 2/3 அங்குலக் கேமராக்கள் சீக்கிரமே ஒதுங்கின. பெரிய சென்சார் வேண்டுமா, எஸ்.எல்.ஆர். வாங்கு, கையடக்கம் வேண்டுமா, சின்ன சென்சாரோடு திருப்திப்படு என்று சந்தை இரண்டாகப் பிரிந்தது.

நஷ்டம் யாருக்கு? சாயங்காலக் கல்யாண வீட்டிலும், குழல் விளக்கு வெளிச்சத்தில் குழந்தை தவழும் கூடத்திலும் படம் எடுத்த சாதாரண மக்களுக்கு. ஜி10-ல் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.7 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் நாற்பதில் ஒரு பங்கு. நாய்ஸ் வெளியே தெரியாமல் இருக்க, கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் படத்தை மெழுகிவிடும். புள்ளிகளோடு சேர்ந்து தலைமுடியும் புடவையின் நெசவும் காணாமல் போகும். முகம் நீர்வண்ண ஓவியம் மாதிரி ஆகும். அந்தத் தருணம் திரும்ப வராது. 14.7 மெகாபிக்சல் கோப்பு மட்டும் கம்ப்யூட்டரில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

வெயிலில் ஒரு சோதனை

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2008-ல் லூமினஸ் லேண்ட்ஸ்கேப் இணையதளத்தை நடத்திய கனடா நாட்டுப் புகைப்படக் கலைஞர் மைக்கேல் ரைக்மன், ஜி10-ஐ ஒரு ஹாசல்பிளாட் மீடியம் ஃபார்மட் கேமராவோடு ஒப்பிட்டார். விலையில் எத்தனையோ மடங்கு வித்தியாசம். 13க்கு 19 அங்குலப் பிரின்ட்டுகளை அனுபவசாலிகளிடம் காட்டியபோது, எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை.

இது சென்சார் அளவு முக்கியமில்லை என்பதற்குச் சான்றா? இல்லை. நல்ல பகல் வெளிச்சம், குறைந்த ஐஎஸ்ஓ, நிதானமான படப்பிடிப்பு என்றால் சின்னச் சட்டியும் நிரம்பிவிடும் என்பதற்குச் சான்று. மழை அடித்துப் பெய்யும்போது எந்தப் பாத்திரமும் நிறையும். தூறலில்தான் பாத்திரத்தின் அளவு தெரியும்.

ஓட்டத்தில் சேராதவர்கள்

எல்லோரும் ஒரே பக்கம் ஓடவில்லை. ஃப்யூஜி 2006-ல் எஃப்30 என்ற சிறிய கேமராவை 1/1.7 அங்குல சென்சாரில் 6 மெகாபிக்சலோடு நிறுத்தியது. மங்கிய வெளிச்சத்தில் அதன் படங்களுக்கு ரசிகர் கூட்டமே சேர்ந்தது. (2007-ல் எஃப்50 வந்தபோது ஃப்யூஜியும் 12க்குத் தாவிவிட்டது என்பது சோகம்.) சிக்மா நிறுவனம் எஸ்.எல்.ஆர். அளவுக்கு நெருங்கிய சென்சாரைக் கையடக்கக் கேமராவில் வைத்து 2006-ல் டிபி1-ஐ அறிவித்தது. கடைக்கு வர 2008 ஆகிவிட்டது. பானசோனிக் 2008-ல் எல்எக்ஸ்3-ல் மெகாபிக்சலைப் பத்திலேயே வைத்து, லென்ஸை எஃப் 2.0 ஆக்கியது.

இந்தப் பின்னணியில்தான் 2009-ல் ஜி11. கூடவே அதே 10 மெகாபிக்சலில், எஃப் 2.0 லென்ஸோடு எஸ்90. எண்ணைக் குறைத்தால் விற்காது என்ற பயம் வீண் பயம் என்பதை இவை காட்டின. ஆனால் சட்டி இன்னும் அதே 41 சதுர மி.மீ. சட்டிதான். குழிகளைக் குறைத்தார்களே தவிர, சட்டியைப் பெரிதாக்கவில்லை.

சட்டி பெரிதான வருடம்

அது நடந்தது 2012-ல். கேனன் ஜி1 எக்ஸ் சுமார் 262 சதுர மி.மீ. சென்சாரோடு வந்தது. ஜி11-ஐப் போல ஆறு மடங்குக்கு மேல். ஆனால் கனம் அரைக் கிலோவைத் தாண்டியது. அதே வருடம் சோனி ஆர்எக்ஸ்100 வந்தது. 1 அங்குல சென்சார், 20 மெகாபிக்சல், மொத்த எடை 240 கிராம். சட்டைப் பையில் போடலாம்! இங்கே கவனியுங்கள்: மெகாபிக்சல் ஜி10-ஐ விட அதிகம். ஆனாலும் பரப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்பதால் பிக்சலின் அகலம் 2.4 மைக்ரான். எதிரி மெகாபிக்சல் அல்ல, பரப்பைக் கூட்டாமல் எண்ணை மட்டும் கூட்டியதுதான் தப்பு என்பதை இது தெளிவாக்கியது.

அப்படியானால் எல்லாக் கேமராவிலும் பெரிய சென்சார் வைத்தால் என்ன? தடை லென்ஸ்தான். சென்சார் பெரிதானால் அதை நிரப்பும் லென்ஸும் பெரிதாக வேண்டும். பைக்குள் அடங்க வேண்டுமென்றால் எங்காவது விட்டுக்கொடுக்க வேண்டும். ஆர்எக்ஸ்100-ன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 1.8. ஆனால் முழுதாக ஜூம் செய்தால் எஃப் 4.9. 2011-ல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்இசட்-1-ல் சென்சார் சின்னது, ஆனால் ஜூம் முனையிலும் எஃப் 2.5. கணக்குப் போட்டால், அகலக் கோணத்தில் சோனி பிடிக்கும் ஒளி மூன்று மடங்கு. ஜூம் முனையில் ஒலிம்பஸ் சற்று முந்திவிடுகிறது! ஆக, சட்டியின் அளவோடு கூரையில் விட்ட ஓட்டை எவ்வளவு பெரிது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

போன் வந்த பிறகு

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர்களின் சங்கக் கணக்குப்படி 2010-ல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-ல் அது சுமார் 77 லட்சம். சின்ன சென்சார் கேமராவின் இடத்தை அதே அளவு சென்சார் உள்ள போன் எடுத்துக்கொண்டது. தப்பிப் பிழைத்த காம்பாக்ட் கேமராக்களில் பெயர் பெற்றவை ஆர்எக்ஸ்100, ரிகோ ஜிஆர், ஃப்யூஜி எக்ஸ்100 போன்ற பெரிய சென்சார் வரிசைகள்.

போன்களும் அதே பாதையில்தான் நடக்கின்றன. 2022-ல் ஷாவ்மி 12எஸ் அல்ட்ராவில் 1 அங்குல சென்சார் வந்தது. 200 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யும் போன்கள், பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத் தருகின்றன. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குவதும் உண்டு. அதுவும் வேறு வழியில் அதிக ஒளி சேர்ப்பதுதான். மென்பொருள் எவ்வளவு வளர்ந்தாலும் வர்க்கமூலக் கணக்கு மாறுவதில்லை.

ஆகவே அடுத்த முறை கேமராவோ போனோ வாங்கப் போகும்போது "எத்தனை மெகாபிக்சல்?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "சென்சார் எத்தனை மி.மீ.? லென்ஸ் எஃப் எவ்வளவு?" என்று கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் விவரப் பட்டியலின் மூலையில் தேடுங்கள். ஜி10 வாங்கியவர்களுக்கும் அந்த எண் அங்கேதான் அச்சாகி இருந்தது.