வெளியே போகச் சொல்லித் தந்த பணம்

கறுப்பின மாணவர்கள் சட்டம் படிக்கப் பணம் தருகிறோம் என்றது அமெரிக்காவின் மிசௌரி மாநில அரசு. தோழர்களே, நாம் அவசரப்பட்டுப் பாராட்டிவிட வேண்டாம். தன் சட்டக் கல்லூரிக்குள் நுழையாமல் அவர்கள் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விட வேண்டும் என்பதற்காகத் தந்த பணம் அது.

லாயிட் கெய்ன்ஸ் அதை ஏற்கவில்லை. அவருக்காக வாதாடியவர் கறுப்பின வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். வெள்ளையருக்குத் தரும் சட்டக் கல்வியை மாநிலத்துக்குள்ளேயே கறுப்பினத்தவருக்கும் தர வேண்டும் என்று 1938இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அரசோ அடுத்த ஆண்டே கறுப்பினத்தவருக்கெனத் தனிச் சட்டக் கல்லூரி திறந்தது. ஊர் தனி, சேரி தனி என்பது நமக்குப் புதிதா என்ன?

முப்பது ஆண்டுகள் கழித்து, 1968இல், 'கிளியோ' என்னும் சட்டக் கல்வி வாய்ப்பு மன்றம் உருவானது. ஒன்றிய அரசின் நிதியில், ஏழை, சிறுபான்மை மாணவர்களைச் சட்டக் கல்லூரிக்குத் தயார்செய்யும் கோடைப் பயிற்சியை அது நடத்தியது. சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகையும் தந்தது. 1998இல் அந்த நிதித் திட்டத்துக்குத் தர்குட் மார்ஷலின் பெயர் சூட்டப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான அவர், ஹூஸ்டனிடம் படித்தவர்.

இரண்டும் மக்களின் வரிப்பணம்தான். ஒன்று கதவைச் சாத்தியது, மற்றொன்று திறந்தது. உதவித்தொகை என்றால் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், உள்ளே வரவா வெளியே போகவா என்றும் கேட்போம்.