சிற்றிலும் சிறுதேரும்

குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடினர் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கோ அம்மானை, நீராடல், ஊசல். கூர்ந்து நோக்குங்கள்! ஆண் குழந்தைக்குத் தேர். பெண் குழந்தைக்கு ஊஞ்சல். சிற்றில் பருவத்திலேனும் சிறுமியர் வீடு கட்டுகிறார்களே என்பீர்கள். கட்டுகிறார்கள்; ஆனால், ‘எங்கள் மணல் வீட்டை மிதித்து அழிக்காதே’ என்று அவர்கள் ஆண் குழந்தையிடம் கெஞ்சுவதே அப்பருவத்தின் பொருள். கட்டுபவள் ஒருத்தி, சிதைப்பவன் ஒருவன், சிதைப்பவனுக்கே பாட்டு! 17ஆம் நூற்றாண்டில், திருமலை நாயக்கர் காலத்து மதுரையில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழிலும், பாண்டிய நாட்டை ஆண்ட அரசி எனப் போற்றப்படுபவளுக்குக் கிடைத்தது ஊசலே; தேரன்று.

இதற்கு முற்பட்ட சங்கப் பாடல்களிலும் பிள்ளைகளின் தேர் உருள்கிறது. பட்டினப்பாலையில், கோழியை விரட்ட ஒருத்தி எறிந்த பொற்குழை, சிறுவர் ஓட்டிவரும் மூன்று சக்கரத் தேரின் வழியில் கிடந்து தடுக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும் வண்ணம் புனைந்த சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டுகின்றனர். மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடியில் 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் செங்கற் கட்டுமானங்களோடு சுடுமண் பொம்மைகளையும், ஆட்டக்காய்களையும், வட்டச் சில்லுகளையும் வெளிக்கொணர்ந்தன. கட்டத் தெரிந்த மக்கள் வாழ்ந்த மண் இது. ஆடத் தெரிந்த பிள்ளைகள் வளர்ந்த மண்.

அத்தகைய நாட்டில், கருவி பிடிக்கும் கை ஏன் இழிந்த கையாயிற்று? வருணமும் சாதியும் விடை கூறும். ஏடு படிப்பவன் உளியைத் தொடலாகாது. உளி பிடிப்பவன் ஏட்டைத் தொடலாகாது. அறிவை ஒரு தெருவிலும் உழைப்பை மற்றொரு தெருவிலும் குடிவைத்து, நடுவே சுவர் எழுப்பினர். தேரைச் செய்தவன் ஒருவன், இழுத்தவன் ஒருவன், அதன்மேல் அமர்ந்து வந்தவன் வேறொருவன். கணக்கறிந்தவனுக்குக் கருவி தெரியாது, கருவியறிந்தவனுக்குக் கணக்குக் கற்பிக்கப்படாது என்றால், புதியது எங்கிருந்து பிறக்கும்?

அச்சுவரை இருபதாம் நூற்றாண்டிலும் அரசாணையால் உயர்த்த முயன்றனர் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது. 1953இல், இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராயிருந்தபோது, சென்னை மாநிலத்தின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதியதொரு கல்வித் திட்டம் வந்தது. பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருங்கிற்று. எஞ்சிய பொழுதில் பையன் தந்தையின் தொழிலையும், பெண் தாயிடம் வீட்டு வேலையையும் கற்க வேண்டும் என்றனர். பள்ளிகளில் இடம் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, கைத்தொழிலும் கற்கட்டுமே என்று காரணங்கள் அடுக்கப்பட்டன.

‘வீட்டில் பிள்ளை ஏதேனும் செய்து பழகட்டும்’ என்பது காதுக்கு இனிய சொல்தான். ஆனால் எதைச் செய்வது? யார் தேர்ந்தெடுப்பது? சலவைத் தொழிலாளியின் மகன் வெளுக்கவும், சவரத் தொழிலாளியின் மகன் சிரைக்கவும், வழக்கறிஞரின் மகன் வழக்காடவும் ஆயத்தமாகும் ஏற்பாடு அது. பிறப்பே பாடத்திட்டம்! எனவேதான் பெரியார் அதனைக் குலக்கல்வி எனச் சாடினார். திராவிடர் கழகம் கிளர்ந்தது. 1953 சூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்தை எதிர்த்தே அமைந்தது. 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார். சிறுவயதிலேயே பள்ளிப் படிப்பை இழந்த விருதுநகர்க் காமராசர் அவ்வாண்டு ஏப்ரலில் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

அது பெரும் வெற்றி. எனினும், அவ்வெற்றியிலிருந்து நாம் கற்ற பாடம் பாதியே. குலத்தொழிலைப் பிள்ளையின் தலையில் கட்டாதே என்பது முழக்கம். அதனைப் பலர், தொழிற்கருவியே பிள்ளையின் கையில் படலாகாது எனப் பொருள் கொண்டுவிட்டனர். மேசையில் சாய்ந்து மனப்பாடம் செய்தால் நல்ல பிள்ளை. திண்ணையில் அமர்ந்து மரத்துண்டை அறுத்தால், ‘உனக்கு ஏன் இந்தத் தச்சு வேலை?’ என்ற அதட்டல். சாதியை ஒழிக்கப் புறப்பட்டவர் வாயிலும் அதட்டலின் வடிவில் சாதியே வந்து அமர்கிறதே! சீர்திருத்தம் பேசும் வீடுகள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

கோவைக்கு அருகே கலங்கலில் 1893இல் பிறந்த கோ. து. நாயுடு, பள்ளிப் பட்டம் எதுவும் பெறாதவர். ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவு விடுதியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கினார். ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல், பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். பின்னாளில் பேருந்துத் தொழிலும் மின்மோட்டார் உற்பத்தியும் அந்தக் கைகளிலிருந்தே வளர்ந்தன. அது அவர் குலம் விதித்த தொழிலன்று. அவரே தேர்ந்த தொழில்.

கடல் கடந்தும் பாருங்கள். ஆப்பிரிக்காவில் மலாவி நாடு. 2002இல் பஞ்சம். கட்டணம் கட்ட இயலாமல் பள்ளியை விட்டு நின்ற 14 வயதுச் சிறுவன் வில்லியம் காம்குவாம்பா சிறு நூலகம் ஒன்றில் காற்றாலைப் படத்தைக் கண்டான். பழைய மிதிவண்டிச் சட்டம், உழுபொறியின் விசிறி, மிதிவண்டி விளக்குக்கான டைனமோ, சூடாக்கித் தட்டிய பிளாஸ்டிக் குழாய், யூகலிப்டஸ் மரக்கம்பு ஆகியவற்றால் வீட்டருகே காற்றாலை எழுப்பினான். பித்துப் பிடித்ததென ஊர் நகைத்தது. விளக்கு எரிந்ததும் ஊரே திரண்டு வந்தது. பின்னர் அவன் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பயின்று 2014இல் பட்டம் பெற்றான். அவன் தந்தை உழவர். மகன் உழவனாகவே இருக்கக் கடவன் என்று எந்த நூலும் அவனைத் தடுக்கவில்லை.

பிள்ளை விரும்பிக் கட்டுவது வேறு. பிள்ளையை வேலைக்கு விடுவது வேறு. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என இடமளிக்கிறது. 1953இன் வாடை அதில் வீசவில்லையா? வேறுபாட்டை அறிய மூன்று வினாக்கள் போதும். எதைச் செய்வதென முடிவு செய்தது யார்? பள்ளியில் ஒரு மணி நேரமேனும் குறைந்ததா? முடித்த பொருள் யாருக்கு உரியது? பிள்ளையே முடிவு செய்து, படிப்புக் குறையாமல், செய்ததும் அவனுக்கோ அவளுக்கோ உரியதாயின் அது கல்வி. மாறினால் அது சுரண்டல்.

மதுரைச் சமவெளியில் இதற்குப் பொருட்குறை இல்லை. நுங்குக் கூந்தலில் வண்டி செய்யும் கைகளுக்கு மேலும் பெரிய வேலை கொடுங்கள். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மேலூர் வயல்வரை பாய்கிறது. மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியது எவ்வாறு? கண்மாய் வண்டலில் மலை அமைத்து, அணை கட்டி, மலையைக் குடைந்து, மடை திறந்து, நீர் ஓடுவதைப் பிள்ளையே காணட்டும். ஏறி அமரத்தக்க வண்டி, நால்வர் உறங்கத்தக்க குடிசை, தோட்டத்துக்கு நீர் இறைக்கும் ஏற்றம் என ஒரு மாதம் உழைத்து முடிக்கும் வேலையாக இருக்கட்டும்.

பெற்றோர் கடமை சிறிது, கடினமானது. மின்சாரத்திலும் உயரத்திலும் கூர்ங்கருவியிலும் அருகிருந்து காக்க வேண்டும். மற்ற இடங்களில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சுவர் சரிந்தால் சிரிக்காதீர். தாமே எடுத்துக் கட்டியும் கொடுக்காதீர். ஏன் சரிந்தது என்று கேளுங்கள். நூலில் படித்த நெம்புகோல் அன்றுதான் அவர்களுக்கு உண்மையாகும். தன் கையால் காரணம் கண்டுபிடித்த பிள்ளை, ‘தலைவிதி’ என்ற விடையை ஏற்காது. பகுத்தறிவுக்கு இதைவிட உறுதியான அடித்தளம் ஏது?

சிறுமியரை மறவாதீர். மணல் வீடு கட்டி, அதைக் காக்கக் கெஞ்சிய காலம் போதும். சுத்தியலும் அரமும் திருப்புளியும் அவர்கள் கைக்கும் போகட்டும். குலக்கல்வியை வீழ்த்திய இயக்கத்தின் பிள்ளைகள், ஏட்டை ஒரு கையிலும் கருவியை மறுகையிலும் ஏந்தட்டும். வீட்டுத் திண்ணையில் அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். அந்தப் பழைய சுவர் அங்கிருந்து இடியத் தொடங்கட்டும்.