என்பு, மூட்டு உருக்குறைபாடுகள்: லுணுகலைத் தோட்டப்புறம்

எலும்போ மூட்டோ தன் இயல்பான வடிவத்தையும் நீளத்தையும் இழந்து, கோணியோ மடங்கியோ நிலைத்துவிடுவதை உருக்குறைபாடு என்கிறோம். சிலருக்கு அது பிறவியிலேயே அமைகிறது. மற்றவர்களுக்கு ஊட்டக்குறை, எலும்பு முறிவு, மூட்டுவாதம், நரம்புச் சேதம், முதுமை ஆகியவற்றால் பின்னர் வருகிறது. இவற்றில் பல, தொடக்கத்தில் பெரிய சத்திரசிகிச்சை இல்லாமலே திருத்தக்கூடியவை. முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையே கழிந்த காலம்தான் பலருடைய உடலில் கோணலாக நின்றுவிடுகிறது.

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் அந்தக் காலம் நீள்வதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பேராதனையிலிருந்து பதுளை வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ5 வீதியில், பசறைக்கும் பிபிலைக்கும் இடையே லுணுகலை இருக்கிறது. ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களின் மக்களுக்கு இதுதான் பக்கத்து டவுன். என்பு முறிவு விசேட வைத்தியரைப் பார்க்கப் பசறை மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2021 மார்ச் 20 அன்று லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டது இந்தப் பாதையில்தான். பயணத்துக்கு ஒரு நாள் போனால் அன்றைய பேரும், அதாவது அன்றைய நாட்சம்பளமும், போய்விடும். நாட்கூலியில் வாழும் குடும்பம் வலியைத் தள்ளிப்போடுவதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது.

பிள்ளைகளின் கால்கள்

பிறவிக் கோணல் பாதம் உலகில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. பாதம் உட்பக்கம் திரும்பி, குதிகால் மேலே தூக்கி நிற்கும். தாயின் நடத்தையோ கிரகணமோ இதற்குக் காரணமல்ல. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கிய முறையே இன்று உலகெங்கும் முதல் சிகிச்சை. பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரம் ஒரு முறை பாதத்தை மெல்லத் திருத்தி பிளாஸ்டர் போடுவார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு தடவைகளில் வடிவம் வந்துவிடும். பலருக்குக் குதிகால் நாணைச் சிறு கீறலால் தளர்த்த வேண்டியிருக்கும். அதன்பின் கம்பியால் இணைத்த சப்பாத்தை மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயது வரை தூங்கும்போதும் அணிவிக்க வேண்டும்.

சிகிச்சை பெரும்பாலும் தவறுவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். பாதம் நேராகிவிட்டதே என்று சப்பாத்தைக் கழற்றி வைத்தால் கோணல் திரும்பிவிடும். வாரந்தோறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போய்வரும் தாய் வாரந்தோறும் ஒரு பேரை இழக்கிறாள். அந்த இழப்பை ஈடுசெய்ய வழியிருந்தால் இடையில் நின்றுபோகும் சிகிச்சைகள் குறையும்.

நடை பழகும் பிள்ளையின் கால் வில்போல் வளைந்திருப்பது இரண்டு வயது வரை இயல்பு. மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டுவதும் இயல்பே. ஏழு வயதுக்குள் நேராகும். ஒரு கால் மட்டும் வளைந்தாலும், வளைவு கூடிக்கொண்டே போனாலும், மணிக்கட்டு தடித்தாலும் என்புருக்கி நோயா என்று பார்க்க வேண்டும். விற்றமின் டி அல்லது கல்சியம் குறைவதால் வரும் நோய் அது. உரிய மருந்து கொடுத்தால் வளரும் எலும்பு பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 வீதம். தோட்டத்துறையில் 32 வீதம். உயரக்குறைவு வேறு, என்புருக்கி வேறு. ஆனால் எலும்பு வளர வேண்டிய வயதில் தட்டில் என்ன குறைகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமா வீடு முழுவதற்கும் பங்காகிவிடாமல் அந்தப் பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும்.

முறிவும் கட்டும்

மரத்திலிருந்தோ லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) படியிலிருந்தோ விழும் பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சாதாரணம். பலர் முதலில் நாடுவது நாட்டு முறிவு நெரிவு வைத்தியரை. அவர் அருகில் இருக்கிறார், அவர் சொல் புரிகிறது, அவர்மேல் தலைமுறை நம்பிக்கையும் இருக்கிறது. சுளுக்குக்கும், விலகாத சிறு முறிவுக்கும் அவர் கட்டு உதவக்கூடும். விலகிய முறிவையும் மூட்டருகே நேர்ந்த முறிவையும் எக்ஸ்ரே இல்லாமல் கட்டக் கூடாது. கோணலாகப் பொருந்தினால் முழங்கை உட்பக்கம் வளைந்தே நிற்கும்.

அதைவிட ஆபத்தானது இறுக்கமான கட்டு. வீக்கம் கூடும்போது கட்டில் வைத்த பத்தை (சிம்பு) உள்ளே அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. சில மணி நேரத்தில் முன்கைத் தசை சாகத் தொடங்குகிறது. பின்னர் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடுகின்றன. கட்டுப்போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போவதும், விரலை நிமிர்த்தினால் பிள்ளை அலறுவதும், விரல் வெளிறிக் குளிர்ந்து மரத்துப்போவதும் அதன் அறிகுறிகள். யார் கட்டிய கட்டானாலும், பிளாஸ்டரே ஆனாலும், அப்போதே தளர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் கை திரும்பாது.

மலையில் தேயும் மூட்டு

கொழுந்துச் சுமையோடு சரிவில் இறங்கும்போது முழங்காலில் விழும் அழுத்தம் உடல் எடையைப் போலப் பல மடங்கு. பல ஆண்டுகள் மலையேறிய பெண்களின் முழங்காலில் உட்புறக் குருத்தெலும்பு தேய்ந்து, கால் வெளிப்பக்கம் வளைவதைத் தோட்டங்களில் காணலாம். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், எடைக் குறைப்பும், வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கும் தடியும் நல்ல பலன் தருகின்றன. மிகவும் முற்றினால் எலும்பை வெட்டி நேராக்குவதும் மூட்டு மாற்றுவதும் மிஞ்சிய வழிகள்.

சரவாங்கி என்று பொதுவாகச் சொல்லப்படும் முடக்குவாதம் வேறு வகை. காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், இரு கைகளும் ஒரேபோல வீங்கினால் தாமதிக்கக் கூடாது. மூட்டரிப்பு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்த பின் மருந்தால் நேராகா. இதற்குத் தரும் மெதோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒரு நாள்தான் விழுங்க வேண்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு ஐதாகி முள்ளந்தண்டு அமுங்குவதால் கூன் விழுகிறது. சுமை தூக்கித் தூக்கி வந்த கூன் என்று ஊரார் விட்டுவிடுவதால் மருந்து தொடங்காமல் போகிறது.

உணர்விழந்த கை, கால்

நரம்பைப் பழுதாக்கும் தொழுநோயைத் தேசிய அளவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்னும் நிலைக்கு இலங்கை 1995இல் கொண்டுவந்தது. ஆயினும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். தொட்டால் உணர்வற்ற வெளிறிய தேமலே முதல் அடையாளம். இலவசக் கூட்டுமருந்தை அப்போதே தொடங்கினால் நரம்பு பழுதாகி விரல் மடங்குவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். மடங்கிவிட்ட விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சத்திரசிகிச்சையை 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வளர்த்தெடுத்தவர், கொல்லிமலையில் பிறந்த போல் பிராண்ட். உணர்விழந்த கையும் காலும் சிதைவது பெரும்பாலும் தெரியாமல் படும் காயங்களாலேயே என்று அவர் காட்டினார். வெறுங்காலோடு மலைக்குப் போகாமல் மெத்தென்ற உள்ளடியுள்ள சப்பாத்து அணிவதும், மாலையில் பாதத்தைக் கழுவிக் கொப்புளமோ வெடிப்போ உண்டா என்று பார்ப்பதும் அதிலிருந்து வந்த நடைமுறைகள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களும் இதையே கடைப்பிடிக்க வேண்டும்.