ஊசி செய்த ஊரும் ஒற்றியூர்ப் பட்டறையும்

1957ஆம் ஆண்டு மே திங்களில், நெய்வேலியிலே பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைத் தோண்டும் பணி தொடங்கியது. நாடறிந்த செய்தி அது. அதற்கு ஓராண்டு முன்னர், 1956இல், சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரிலே ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அது ஆக்கியளித்த மோட்டார் சைக்கிள்கள் 163! எள்ளி நகைக்கத் தோன்றும் எண்ணிக்கைதான். எனினும், அதன் பின்னே உள்ள கதையைச் சற்றே விரித்துப் பார்ப்போம், தோழர்களே!

இங்கிலாந்திலே ரெட்டிச் என்றோர் ஊர். ஊசித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஜார்ஜ் டவுன்சென்ட் பெயரால் நடந்த ஊசித் தொழிலகம் சைக்கிள் செய்யத் தலைப்பட்டது, தள்ளாடியது, 1891இல் ஆல்பர்ட் எடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் எனும் இருவர் கைக்கு வந்தது. என்ஃபீல்டிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய உறுப்புகள் செய்து தரும் ஒப்பந்தமும் கிடைத்தது. ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் அதிலிருந்து பிறந்ததே! 1901இல் முதல் மோட்டார் சைக்கிள், 1932இல் புல்லட். ஊசிக்குக் காது துளைத்துப் பழகிய கை, படிப்படியாக எஞ்சினை இயக்கக் கற்றது. புட்பக விமானத்தின் பெருமையை நாம் வாய்பிளந்து கேட்டிருந்த நாளில், அவர்கள் பிஸ்டனை அளந்துகொண்டிருந்தனர்!

இங்கே கருமானின் கரியேறிய கை இழிவு. ஏட்டைத் தொட்ட கை உயர்வு! அந்த நினைப்பை மீறியவர் கோவை ஜி.டி. நாயுடு. வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளைக் கண்டார், உணவு விடுதியிலே வேலை செய்து பணம் சேர்த்தார், அதனையே வாங்கினார், அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டினார். சாத்திரம் கேட்டா செய்தார்?

1952இல் இந்திய இராணுவம், மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்திடம் 500 புல்லட்டுகள் கேட்டது. ரெட்டிச்சிலிருந்து வண்டிகள் வந்தன. 1955இல் இரு நிறுவனங்களும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினர். 'பெட்டியைப் பிரித்துப் பூட்டுவதும் ஒரு தொழிலா?' என்று கேட்போர் உண்டு. கழற்றவும் பூட்டவும் தெரியாதவன் வார்க்கவும் கடையவும் கற்பதெங்ஙனம்? உறுப்புகளைச் செய்யும் கருவிகளும் பின்னர் வந்தன. அறுபதுகளின் தொடக்கத்திலே வண்டி முழுவதையும் இங்கேயே செய்தனர்.

1967இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்திலே அத்தொழிலே அற்றுப்போயிற்று. 1977இலோ, ஒற்றியூர்ப் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே விற்பனைக்குக் கப்பலேறின! பெருமைதான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: கப்பலேறிய அந்த வண்டி, இருபதாண்டுகட்கு முன் ரெட்டிச் தந்த வடிவத்திலிருந்து பெரிதும் மாறவில்லை. செய்யக் கற்றோம், புதிதாய் வரையக் கற்க நெடுநாள் ஆயிற்று.