பூட்டப்படாத கதவு

புகையிரதத்தின் வரலாறு என்றதும் இயந்திரங்களையும் பெரும் பாலங்களையும் பேசுவது வழக்கமாகிவிட்டது. சிறு நிலையமொன்றிலே சாதாரணப் பயணி ஒரு மேடையிலிருந்து மறுமேடைக்கு எவ்வாறு சென்றான் என்பதை எவரும் பெரிதாகக் கருதுவதில்லை.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள எல்சன்ஹாம் நிலையம் 1845 இல் திறக்கப்பட்டது. சீட்டு விற்குமிடம் இலண்டன் வண்டி நிற்கும் மேடையில் இருந்தது. ஆகவே கேம்பிரிட்ஜ் செல்வோர் தண்டவாளத்தைக் கடந்தே தீரவேண்டும். அங்குள்ள கடவையிலே வண்டி வரும்போது வாகனங்களுக்கான பெருங்கதவுகள் பூட்டப்பட்டன. மனிதர் நுழையும் சிறுகதவுகளோ பூட்டப்படவில்லை. சிவப்பு விளக்கும் எச்சரிக்கை ஒலியுமே அவர்களுக்குக் காவல். மோட்டார் காருக்கு இட்ட பூட்டை மனிதனுக்கும் இட மனம் வரவில்லை போலும்!

2005 டிசெம்பர் 3 ஆம் நாள், 13, 14 வயதுச் சிறுமியர் இருவர் கேம்பிரிட்ஜ் வண்டியைப் பிடிக்க விரைந்தனர். விளக்கு எரிந்தது, ஒலியும் கேட்டது. அவை தாம் ஏறவிருந்த வண்டிக்கு மட்டுமே என அவர்கள் எண்ணியிருக்கலாம். எதிர்த்திசையில் வந்த இரண்டாவது வண்டி இருவரையும் கொன்றது.

2007 இல் நடந்த மரண விசாரணை அதனை விபத்து என்றது. நடைபாலமும் அவ்வாண்டிலேதான் எழுந்தது. ஆனால் சிறுகதவுகளைப் பூட்டுவது பற்றி ஆராயவேண்டுமென 2002 இலேயே எழுதப்பட்ட ஆவணமொன்று புகையிரதப் பாதை நிறுவனத்தின் கோப்புகளிலே கிடந்தது. விசாரணை மன்றுக்கு அது காட்டப்படவில்லை. பெற்றோர் ஓயாது போராடினர். 2012 இல் நெட்வேர்க் ரெயில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. விதிக்கப்பட்ட தண்டம் 10 இலட்சம் பவுண். அந்நிறுவனமோ பெருமளவு மக்களின் வரிப்பணத்தால் நடப்பது.